ஏழாம் அத்தியாயம்: அமீரகத்தில் வேலை நேரமும் விடுமுறையும்

துபாய், அபுதாபி, ஷார்ஜா முதலிய ஏழு எமிரேட்டுகள் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கப் புறப்படும் ஒருவர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதிற் காட்டும் அக்கறையில் பாதியையேனும், வேலை நேரம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், அந்த விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, ஊர் வந்து திரும்ப டிக்கெட் யார் பொறுப்பு என்னும் நான்கு கேள்விகளிலும் காட்டுவாராயின், பின்னால் நேரும் துன்பங்களிற் பெரும்பகுதி தோன்றாமலே போகும்.

ஆண்டு விடுமுறை என்பது முதலாளி மனமிரங்கி அளிக்கும் சலுகை என்று எண்ணிக்கொண்டு, கேட்கத் தயங்கி, ஃபோர்மேன் முகம் சுளித்தவுடன் வாய்மூடித் திரும்பி, இரண்டு மூன்று ஆண்டுகள் பெண்டு பிள்ளைகளைக் காணாமல் உழைத்துவிட்டு, கடைசியில் அந்த நாட்களுக்கான பணத்தையும் முழுமையாகப் பெறாமல் ஊர் திரும்பியவர் நம்மிடையே அநேகர். விடுமுறை நீங்கள் முன்னரே உழைத்து ஈட்டிவிட்ட ஊதியத்தின் ஒரு பகுதி. அதை முறையாகக் கேட்டுப் பெறும் வழியை, புறப்படுவதற்கு முன் தொடங்கி வேலை முடிந்து திரும்பும் நாள் வரை, வரிசைக் கிரமமாக இந்த அத்தியாயம் கூறுகிறது.

எந்தச் சட்டம் உங்களுக்கு உரியது?

2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டமே தனியார் துறைக்கு ஆதாரம். பெரும்பாலான ஃப்ரீ ஸோன்களுக்கும் இதுவே பொருந்தும். துபாய் சர்வதேச நிதி மையமும் அபுதாபி குளோபல் மார்க்கெட்டும் மட்டும் தமக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. வீட்டு வேலை செய்வோருக்கு வேறு சட்டம் உண்டு. அதைப் பற்றி இறுதியிற் காண்போம்.

முதற் கட்டம்: ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. *ஏஜெண்டைச் சோதியுங்கள்.* இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கத்தக்க கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். அமீரகச் சட்டப்படி ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையிற் சுமத்த முதலாளிக்கு உரிமை இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பணம் தராதீர்கள்.

2. *ஆஃபர் லெட்டரைத் தமிழிற் கேளுங்கள்.* அமீரகத்தின் தொழிலாளர் அமைச்சகம் வகுத்துள்ள வேலை வாய்ப்புக் கடிதம் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளிக்குப் புரியும் மொழி ஒன்றிலும் அமைய வேண்டும் என்பது விதி. அதற்கென ஏற்பாடான பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. "இங்கிலீஷில் மட்டும்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடு" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தையே அபாய அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

3. *ஐந்து வரிகளைத் தேடுங்கள்.* அடிப்படைச் சம்பளம், படிகள், தினசரி வேலை நேரம், ஆண்டு விடுமுறை, டிக்கெட் என்னும் ஐந்தும் கடிதத்தில் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று விரல் வைத்துப் படியுங்கள். மொத்தச் சம்பளம் 1,800 திர்ஹம் என்று சொல்லப்பட்டாலும், அதில் அடிப்படை 1,200ஆ, வெறும் 700ஆ என்பதைப் பொறுத்தே ஓவர்டைமும், வேலை முடியும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியும் கூடும், குறையும்.

4. *வேலைக்கான நுழைவு அனுமதியிலேயே செல்லுங்கள்.* விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியை நம்பி, அனுமதி கைக்கு வருமுன் வேலை தொடங்குவது சட்டவிரோதம். அந்நிலையில் சம்பளம் நின்றுபோனால் உங்கள் வாதம் மிகவும் பலவீனப்படும்.

5. *காப்பீடு எடுங்கள்.* பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் சாதாரணமாக, குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. அவர்கள் வேலைக்காகப் புறப்படுமுன் குடிபெயர்வு அனுமதி பெறவும், பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு எடுக்கவும் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்னும் சிறு பிரீமியத்திற்கு, விபத்து மரணம் அல்லது நிரந்தர ஊனத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அது ஈடளிக்கிறது.

6. *எல்லாவற்றிற்கும் இரண்டு பிரதி.* ஒன்று உங்களோடு வரட்டும். மற்றொன்றை வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

> பொதுவான பிழை: ஊரில் ஒரு கடிதத்திலும், அங்கே இறங்கியபின் சம்பளம் குறைந்த வேறொரு தாளிலும் கையெழுத்திடுவது. அமைச்சகத்திற் பதிவாகும் ஒப்பந்தம் முந்திய கடிதத்துக்கு இசைந்ததாகவோ, உங்களுக்கு அதைவிட அனுகூலமானதாகவோ இருக்கலாமேயன்றிக் குறைந்ததாக இருத்தல் கூடாது. வேறுபாடு கண்டால் கையெழுத்திடாமல் பழைய கடிதத்தின் பிரதியைக் காட்டுங்கள்.

> குறிப்பு: ஆண்டுதோறும் அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிக்கெட் தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கட்டளையிடவில்லை. வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்பும் டிக்கெட்டே, சில விலக்குகளோடு, முதலாளியின் கடமை. லீவு டிக்கெட் வேண்டுமானால் அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் கட்டம்: முதல் ஆறு மாதம்

சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேற்படக் கூடாது. ஒரே முதலாளியிடம் அது இருமுறை வைக்கப்படவும் கூடாது. இக்காலத்தில் உங்களை நீக்க விரும்பும் முதலாளி 14 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். நீங்களே விலகி நாட்டை விட்டுப் புறப்படுவதானாலும் 14 நாள். அமீரகத்திலேயே வேறு கம்பெனிக்கு மாறுவதானால் ஒரு மாதம்.

இந்த மாதங்களில் முடிக்க வேண்டிய காரியங்கள் நான்கு:

1. பதிவான வேலை ஒப்பந்தத்தின் பிரதியைப் பெற்று, அமைச்சகத்தின் செயலியில் உங்கள் பெயரில் அதே விவரம் தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள்.
2. எமிரேட்ஸ் ஐடியும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கைக்கு வந்துவிட்டனவா என்று கேளுங்கள்.
3. பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெறுங்கள். விசா நடைமுறைக்காகக் கொடுத்தது அந்நடைமுறை முடிந்தவுடன் உங்களிடம் வர வேண்டும். தொழிலாளியின் ஆவணங்களைத் தடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. "பத்திரத்துக்காக ஆபீஸிலேயே இருக்கட்டும்" என்று சொல்லப்பட்டால், உங்கள் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும் என்று மரியாதையோடு சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.
4. வேலையிழப்புக் காப்பீட்டில் சேருங்கள். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளோருக்கு மாதம் 5 திர்ஹம்தான், சேர்வதோ கட்டாயம். தொடர்ந்து 12 மாதம் கட்டியவர், தம் குற்றமின்றி வேலை இழந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை மூன்று மாதம் வரை பெறலாம்.

மூன்றாம் கட்டம்: அன்றாட வேலை நேரமும் ஓவர்டைமும்

நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது பொது வரம்பு. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது. இடைவெளி மொத்தத்தில் ஒரு மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும், ஆனால் அது வேலை நேரத்திற் சேராது. தொழிலாளர் தங்கும் கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் பஸ்ஸிற் போய் வரும் நேரமும் பொதுவாக வேலை நேரமாகக் கணக்கிடப்படுவதில்லை. ரமலான் மாதத்தில் தினசரி வேலை இரண்டு மணி குறையும். இச்சலுகை நோன்பிருப்போர்க்கு மாத்திரம் என்றில்லாமல் எல்லாருக்கும் உரியது. வாரத்தில் ஒரு நாளேனும் சம்பளத்தோடு ஓய்வு உண்டு.

ஓவர்டைம் நாளொன்றுக்கு இரண்டு மணிக்கு மேற்படலாகாது. எப்படிக் கணக்கிட்டாலும் மூன்று வாரங்களில் மொத்த வேலை 144 மணியைத் தாண்டக் கூடாது. மேற்பார்வைப் பதவி வகிப்போர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இவ்விதி பொருந்தாது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம் என்று கொள்வோம்.

1. 1,200ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாட்கூலி 40 திர்ஹம்.
2. 40ஐ 8ஆல் வகுத்தால் ஒரு மணிக்கூலி 5 திர்ஹம்.
3. சாதாரண ஓவர்டைமுக்கு 25 விழுக்காடு கூடுதல்: மணிக்கு 6.25 திர்ஹம்.
4. இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரையிலான ஓவர்டைமுக்கு 50 விழுக்காடு கூடுதல்: மணிக்கு 7.50 திர்ஹம். ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்கு இந்த இரவு விகிதம் இல்லை.
5. வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும். இன்றேல் அந்நாளின் கூலியோடு அடிப்படைக் கூலியில் 50 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும். அரசு விடுமுறை நாளுக்கும் இதுவே முறை.

> குறிப்பு: ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சைட்டின் பெயர், ஃபோர்மேன் பெயர் ஆகிய ஐந்தையும் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கு விசாரணையில் நிற்பது அரிது. அன்றாடம் எழுதிவந்த நோட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

சம்பளம் டபிள்யூ.பி.எஸ். என்னும் அரசுக் கண்காணிப்புக்குட்பட்ட முறையில் வங்கி அல்லது அட்டை மூலமாகவே வர வேண்டும். கையிற் பணமாகத் தந்து, வங்கியில் போட்டதைத் திருப்பிக் கேட்கும் வழக்கத்துக்கு ஒருமுறையும் உடன்படாதீர்கள். வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் வந்ததாகவே பதிவிருக்கும்.

வெயில்: பாதுகாப்பு

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் திறந்தவெளி வேலை தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறும் கம்பெனிக்குத் தொழிலாளி ஒருவருக்கு 5,000 திர்ஹம் வீதம் அபராதம் உண்டு. குழாய் உடைப்பு, மின் தடை போன்ற நிறுத்த முடியாத வேலைகளுக்கு விலக்கு இருப்பினும், அங்கும் தண்ணீரும் நிழலும் முதலுதவியும் தரப்பட வேண்டும்.

1. தாகம் எடுக்கும் வரை காத்திராமல், கால் மணிக்கொருமுறை ஒரு தம்ளர் நீர் அருந்துங்கள்.
2. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அறிந்து, நிழலுக்குச் செல்லுங்கள்.
3. உடன் வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடல் கொதித்தும் வியர்வை நின்றுபோனாலோ, அது வெப்பத் தாக்கு. உடனே நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த நீர் இட்டு, 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

நான்காம் கட்டம்: எந்த விடுமுறை எத்தனை நாள்?

- *ஆண்டு விடுமுறை:* ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள், முழுச் சம்பளத்தோடு. ஆறு மாதம் முடிந்து ஓராண்டு நிறையாதவருக்கு மாதத்துக்கு 2 நாள். ஆகவே எட்டு மாதம் வேலை செய்தவருக்கு 16 நாள். இடையில் வரும் வார ஓய்வும் அரசு விடுமுறையும் இந்த நாட்களுக்குள் அடங்கும், ஒப்பந்தம் இதைவிட அனுகூலமாகக் கூறினாலன்றி.
- *நோய் விடுமுறை:* சோதனைக் காலத்துக்குப் பின் ஆண்டுக்கு 90 நாள் வரை. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம், எஞ்சிய 45 நாள் சம்பளமின்றி. மூன்று வேலை நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து மருத்துவச் சான்று தர வேண்டும்.
- *துக்க விடுமுறை:* கணவன் அல்லது மனைவி இறந்தால் 5 நாள், தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தார், பேரன் பேத்தி, பாட்டன் பாட்டி இறந்தால் 3 நாள், சம்பளம் உண்டு.
- *பிரசவ விடுமுறை:* 60 நாள். அதில் 45 முழுச் சம்பளம், 15 பாதிச் சம்பளம்.
- *பெற்றோர் விடுமுறை:* குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் தாய் தந்தை இருவருக்குமே 5 வேலை நாள், சம்பளத்தோடு.
- *படிப்பு விடுமுறை:* இரண்டு ஆண்டு வேலை செய்து, அமீரகத்தில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் படிப்போருக்கு, தேர்வுக்காக ஆண்டுக்கு 10 நாள்.

தந்தை இறந்த செய்தி வந்தால் மூன்று நாளில் தமிழ்நாட்டுக்கு வந்து கிரியைகளை முடித்துத் திரும்புவது இயலாத காரியம். அந்தச் சந்தர்ப்பத்தில் துக்க விடுமுறை மூன்று நாளோடு ஆண்டு விடுமுறையில் ஒரு பகுதியையும் சேர்த்துத் தரும்படி ஒரே விண்ணப்பத்திற் கேளுங்கள். துயரத்திலும் அவசரத்திலும் எவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிடுவது பின்னால் வேலைக்கே உலை வைத்துவிடும்.

ஐந்தாம் கட்டம்: விடுமுறை கேட்கும் முறை

1. *முதலில் எண்ணுங்கள்.* வேலையிற் சேர்ந்த தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது, எத்தனை எடுத்தாயிற்று என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
2. *இரண்டு மூன்று மாதம் முன்பே எழுத்திற் கேளுங்கள்.* விடுமுறைத் தேதியை வேலையின் தேவைக்கேற்ப உங்களோடு கலந்து நிர்ணயிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. அத்தேதியைக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக உங்களுக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. தங்கையின் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று தேதி மாற்ற முடியாத காரணம் இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.
3. *பதிலை எழுத்தில் வாங்குங்கள்.* மின்னஞ்சலோ, வாட்ஸப் செய்தியோ, கம்பெனியின் லீவு ஃபாரமோ, எதுவாயினும் போகும் தேதியும் திரும்பி வேலையில் சேரும் தேதியும் அதிற் காணப்பட வேண்டும்.
4. *அதன்பின் டிக்கெட் எடுங்கள்.* விலை குறைவாக இருக்கிறதென்று அனுமதி கிடைக்குமுன் எடுத்துவிட்டு, பணமும் போய் மனமும் நொந்தவர் பலர்.
5. *மறுக்கப்பட்டால் காரணம் கேளுங்கள்.* இந்த ஆண்டு வேலை மிகுதி என்று ஒத்திவைக்கலாம். ஆனால், நீங்களாக விரும்பி மறு ஆண்டுக்குத் தள்ளினால் அல்லது பணமாகப் பெற்றாலன்றி, ஆண்டு விடுமுறையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

ஆறாம் கட்டம்: லீவு சாலரிக் கணக்கு

விடுமுறையை எடுத்து அனுபவிப்பவருக்கு அக்காலத்துக்குரிய சம்பளம் உண்டு. எடுக்காமல் விட்டு வேலையிலிருந்து விலகும்போது பணமாகப் பெறுபவருக்கு அடிப்படைச் சம்பள விகிதத்தில்தான் கணக்கு. மேற்சொன்ன உதாரணத்தில், அடிப்படை 1,200, படிகள் 600 என்றால், 30 நாள் விடுமுறையில் சென்றவருக்கு 1,800 திர்ஹம். அதே 30 நாளை வைத்திருந்து விலகும்போது வாங்குபவருக்கு 1,200 திர்ஹம். லீவைச் சேர்த்து வைத்தால் லாபம் என்று எண்ணுவோர் இக்கணக்கைச் சற்றே நிதானமாகப் பார்க்க வேண்டும். மறு ஆண்டுக்குத் தள்ளுவதிலும் பாதி நாட்களுக்கு மேல் தள்ள முடியாது என்பது விதி.

உடம்பும் மனமும் ஓய்வு கொள்வதற்கென்றே வகுக்கப்பட்ட நாட்களை ஓய்வாகவே பயன்படுத்துவது, பணக் கணக்கில் பார்த்தாலும் குடும்பக் கணக்கில் பார்த்தாலும் உத்தமம் என்பதே இந்நூலின் யோசனை.

ஏழாம் கட்டம்: விமானம் ஏறுமுன்னும் திரும்பும்போதும்

*போகுமுன்:*

1. பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் விசாவும் நீங்கள் திரும்பும் தேதிக்குப் பின்னும் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமேனும் மிச்சம் இருக்கட்டும்.
2. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றைச் சரிபாருங்கள். கட்டாத கடன் வழக்காகிப் பயணத் தடை விழுந்திருந்தால், அதை விமான நிலையத்தில் அறிவது பெருந்துன்பம்.
3. உங்களை அனுப்புவது லீவிலா, விசாவை ரத்து செய்யும் கேன்சலிலா என்று தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். லீவு என்று சொல்லிக் கேன்சல் தாளில் கையெழுத்து வாங்குவது உண்டு. படித்தறிய முடியாத தாளைப் படிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

*ஊரில் இருக்கும்போது:*

4. ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா செல்லாமற் போகும்.
5. உடல்நலம் குன்றித் திரும்ப முடியாவிட்டால், குறித்த தேதிக்கு முன்பே மருத்துவச் சான்றோடு கம்பெனிக்கு எழுதி, பதில் வந்ததைச் சேமித்து வையுங்கள். தக்க காரணமின்றித் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வேலைக்கு வராதிருப்பது முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவதற்குரிய காரணங்களில் ஒன்று. வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று பதிவானால் ஓராண்டுக்குப் புதிய வேலை அனுமதி கிடைக்காது.

*திரும்பும் பெட்டியில்:*

6. கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அம்மா அன்போடு அரைத்துக் கட்டித்தரும் குருமாப் பொடியில் அது கலந்திருக்கலாம். பொட்டலம் கட்டுமுன்னே கேட்டுவிடுங்கள்.
7. டிரமடால், கோடீன் போன்ற மருந்துகள் கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. மருத்துவச் சீட்டும், தேவையெனில் அமீரக அதிகாரிகளின் முன் அனுமதியும் இன்றிக் கொண்டுசெல்லாதீர்கள்.
8. "கேம்ப்பில் என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்" என்று எவர் தரும் பொட்டலத்தையும், உங்கள் முன்னிலையிற் பிரித்துக் காட்டாத வரையில் வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு.

திரும்பிய மறுநாளே வேலையிற் சேர்ந்ததை எழுத்தில் தெரிவித்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் கட்டம்: வேலை முடியும்போது

சோதனைக் காலத்துக்குப் பின் விலகுவதற்கு ஒப்பந்தப்படி 30 முதல் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஓராண்டு நிறைந்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள். நமது உதாரணத்தில் நாட்கூலி 40 திர்ஹம் ஆதலால் ஆண்டுக்கு 840, ஐந்து ஆண்டுக்கு 4,200. ஆறாம் ஆண்டுக்கு 1,200. ஆக மொத்தம் 5,400 திர்ஹம். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் சேவைக் காலத்திற் சேரா. கிராஜுவிட்டி, எடுக்காத லீவு, பாக்கிச் சம்பளம் எல்லாம் வேலை முடிந்த 14 நாளுக்குள் தரப்பட வேண்டும்.

> மிகப் பெரிய பிழை: "எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் உள்ள தாளில், பணம் கைக்கு வருமுன் கையெழுத்திடுவது. முதலில் தொகையின் விவரப் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பணம் வங்கிக்கு வந்ததைக் கண்டபின் கையெழுத்திடுங்கள்.

ஒன்பதாம் கட்டம்: நியாயம் கிடைக்காவிட்டால்

1. முதலில் கம்பெனியின் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பல விவகாரங்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.
2. தீராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில், செயலி, தொலைபேசி, சேவை மையம் ஆகிய வழிகளுள் ஒன்றின் மூலம் புகார் தாருங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவு, நோட்டுப் புத்தகம் ஆகியவை கையோடு இருக்கட்டும்.
3. அமைச்சகம் இருதரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். கோரிக்கை 50,000 திர்ஹத்துக்குள் இருந்தால் அமைச்சகமே தீர்ப்பளிக்கலாம். அதற்கு மேற்பட்டுச் சமரசம் ஆகாவிடில் நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு லட்சம் திர்ஹத்துக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.
4. காலம் கடத்தாதீர்கள். வேலை முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பின் கோரிக்கை செல்லாது.
5. புகார் தந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்; அதற்கு மூன்று மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு உண்டு.
6. துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகமும், இந்தியர்களுக்கு ஆலோசனை தரும் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திராவும் உங்களுக்குத் துணை. இலங்கையர் தம் நாட்டுத் தூதரகத்தை நாடலாம்.

> பாதுகாப்புக் குறிப்பு: கோபத்தில் கூட்டமாக வேலையை நிறுத்துவதும், மேலாளரைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதும் அந்நாட்டில் உங்களையே குற்றவாளியாக்கிவிடும். வெற்றி தருவது அமைதியாகவும் ஆதாரத்தோடும் செய்த புகாரே.

வீட்டு வேலை செய்வோருக்கு

வீடுகளில் சமையல், குழந்தை பராமரிப்பு, கார் ஓட்டுதல் முதலிய வேலை செய்வோருக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் எண் சட்டம் உரியது. அதன்படி வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, நாளொன்றுக்கு 12 மணி ஓய்வு, அதில் 8 மணி தொடர்ச்சியாக, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை ஆகியவை உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பும் டிக்கெட் இவர்களுக்குச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. தனி வீட்டில் தனியாக வேலை செய்யும் பெண்கள், வேலை தரும் குடும்பத்தின் முகவரியையும், தூதரக எண்ணையும் ஊரிலுள்ளோரிடம் முன்னதாகவே தந்து, வாரம் ஒரு குறித்த நாளில் பேசுவதென்று ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

கோப்பு ஒன்று, பிரதி இரண்டு

இந்த அத்தியாயத்தில் சொன்னவை அனைத்தையும் ஒரே கோப்பில் இவ்வரிசைப்படி அடுக்குங்கள்:

1. ஆஃபர் லெட்டர்
2. பதிவான ஒப்பந்தம்
3. பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி பிரதிகள்
4. மாதந்தோறும் சம்பளச் சீட்டு
5. வேலை நேர நோட்டு
6. லீவு விண்ணப்பங்களும் பதில்களும்
7. மருத்துவச் சான்றுகள்
8. காப்பீட்டுப் பத்திரங்கள்

சட்டம் எவ்வளவு நல்லதாயினும், தன் உரிமை இன்னதென்று அறிந்து, அதற்குரிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உரிய காலத்தில் உரியவரிடம் கேட்பவருக்கே அது பயன் தரும். கடல் கடந்து உழைக்கச் செல்பவர் தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிட யாதொரு காரணமும் இல்லை. முதல் சம்பளம் வந்த அன்றே இந்தக் கோப்பைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் அதைத் திறந்து புதிய தாளைச் சேர்த்து, ஆண்டுக்கு 30 நாள் என்ற விகிதத்தில் லீவுக் கணக்கில் இரண்டரை நாளைக் கூட்டி எழுதுங்கள்.